சங்கு ஊதிய கம்ப்யூட்டர்!

சனிக்கிழமை மாலை 5 மணி. கடையில் நல்ல கூட்டம்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பெயிண்ட் கடை. ஊர்ப் பெயர் வேண்டாம். கடைக்காரரின் பெயரும் வேண்டாம். "ஆளைச் சொல்லாதீங்க. நடந்ததைச் சொல்லுங்க. நாலு பேருக்கு உதவட்டும்" என்று அவரே கேட்டுக்கொண்டார். அந்த வட்டாரத்தில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

அன்று அண்ணாச்சி கடையில் இல்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். கல்லாவில் அவருடைய தம்பி. கம்ப்யூட்டர் முன்னால் கணக்கு எழுதும் பெண். வயது 22. வேலைக்குச் சேர்ந்து 7 மாதம்.

திடீரென்று பில் அடிக்கும் பிரிண்டர் நின்றுவிட்டது. பெண் என்ன செய்தாள்? எல்லோரும் செய்வதைத்தான் செய்தாள். பிரிண்டர் கம்பெனியின் பெயரை இண்டர்நெட்டில் தேடினாள். முதலில் வந்ததை அழுத்தினாள். அது எங்கேயோ போயிற்று. அங்கே இன்னொன்றை அழுத்தினாள்.

அவ்வளவுதான்! திரை முழுவதும் நீல நிறம் ஆயிற்று. நடுவில் சிவப்புக் கட்டம். மில் சங்கு ஊதுவதுபோல ஒரே சத்தம். அதோடு இங்கிலீஷில் ஒரு பெண் குரல்: "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது. அணைக்காதீர்கள். அணைத்தால் எல்லாம் அழிந்துபோகும். உடனே இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்."

கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெண்ணுக்குக் கை நடுங்கிற்று. அந்தக் கம்ப்யூட்டரில்தான் 4 வருடக் கணக்கு இருக்கிறது. யார் யாருக்குக் கடன், யார் எவ்வளவு பாக்கி, எல்லாம் அதில்தான். "நாம் தொட்டதால்தானே கெட்டது?" என்று நினைத்தாள்.

திரையில் கண்ட எண்ணுக்குப் போன் செய்தாள்.

தேன் ஒழுகும் பேச்சு!

போனை எடுத்தவன் அதட்டவில்லை. மரியாதையாகப் பேசினான். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். "பயப்படாதீங்க மேடம். நான் இருக்கிறேன். நான் சொல்கிறபடி செய்யுங்கள்" என்றான்.

ஒரு புரோகிராமை இறக்கச் சொன்னான். இறக்கினாள். திரையில் ஓர் எண் வந்தது. அதைப் படிக்கச் சொன்னான். படித்தாள். அடுத்த நிமிடம் அம்புக்குறி தானாக நகர்ந்தது! எங்கேயோ உட்கார்ந்திருப்பவன் கையில் அண்ணாச்சி கடைக் கம்ப்யூட்டர் போய்விட்டது.

முதலில் ஒரு பட்டியலைத் திறந்து காட்டினான். வரிசை வரிசையாகச் சிவப்புக் குறி, மஞ்சள் குறி. "பார்த்தீர்களா? எல்லாம் வைரஸ்" என்றான். பிறகு கறுப்புத் திரை ஒன்றைத் திறந்தான். நீளமாக ஓர் எண் தெரிந்தது. "இது உங்கள் கம்ப்யூட்டரின் தனி எண். என்னிடமும் இதே எண்தான் இருக்கிறது. சரிபார்த்துக்கொள்ளுங்கள்" என்று படித்துக் காட்டினான். ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. பெண் முழுதாக நம்பிவிட்டாள்.

சுத்தம் செய்யக் கூலி 14 ஆயிரத்து 500 ரூபாய். கடைக் கணக்கின் பாங்கிப் பக்கம் அன்று காலையிலிருந்தே திறந்து கிடந்தது. கடைப் போனுக்கு ஓ.டி.பி. எண் வந்தது. அவன் கேட்டான். அவள் சொன்னாள்.

சங்குச் சத்தம் நின்றது. திரை பழையபடி ஆயிற்று. பிரிண்டர் மட்டும் ஓடவில்லை!

அன்று இரவே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் சொல்லவில்லை. வீட்டில் சாப்பிடவும் இல்லை என்று அவள் தாயார் பின்னால் சொன்னாராம்.

திங்கட்கிழமை காலையில் அவனே போன் செய்தான். "மேடம், உங்களிடம் கூடுதலாக வாங்கிவிட்டோம். பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம். கம்ப்யூட்டரைப் போட்டு, பாங்கிப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். வருகிற எண்ணை மட்டும் சொல்லுங்கள்" என்றான். பெண்ணுக்கு உயிர் வந்தது. அண்ணாச்சிக்குத் தெரிவதற்கு முன்னால் பணம் திரும்பிவிடும் அல்லவா? எண்ணைச் சொன்னாள்.

போனது 1 லட்சத்து 20 ஆயிரம். பெயிண்ட் கம்பெனிக்குக் கட்ட வைத்திருந்த பணம்.

மத்தியானம் அண்ணாச்சி கணக்கைப் பார்த்தார். பெண் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்தார்கள். பாங்கிக்கு ஓடினார்கள். ஒரு பகுதியை மட்டும் நடுவழியில் நிறுத்தி வைக்க முடிந்தது. மற்றது போனது போனதுதான்.

"சனிக்கிழமையே சொல்லியிருந்தால்?" என்று நான் கேட்டேன்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அதுக்கு முந்தின மாசம் ஒரு பில்லைத் தப்பாப் போட்டுட்டா. 300 ரூவா. கடைன்னும் பார்க்காம, எல்லார் முன்னாடியும் வஞ்சிட்டேன். அப்புறம் எப்படிச் சொல்லுவா?" என்றார்.

வந்தது வைரஸா?

அந்தக் கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்ததா? இல்லவே இல்லை!

நீலத் திரை ஒரு படம். சங்குச் சத்தம் ஒரு பாட்டு மாதிரி. எல்லாம் ஒரு வெறும் வெப்சைட் பக்கம். சினிமாவில் புலி வந்தால் நாம் நாற்காலியை விட்டு ஓடுகிறோமா? இதுவும் அதே புலிதான். ஆனால் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு வருவதால், கம்ப்யூட்டரே பேசுகிறது என்று நினைத்துவிடுகிறோம்.

ஒரு வெப்சைட் உங்கள் கம்ப்யூட்டருக்குள் புகுந்து, வைரஸை எண்ணி, இத்தனை என்று சொல்ல முடியாது. அதற்கு அந்தச் சக்தி கிடையாது. இங்கிலீஷில் இதற்கு 'ஸ்கேர்வேர்' என்று பெயர். பயமுறுத்தும் சரக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

அவன் காட்டிய சிவப்புக் குறிகள்? அவை உண்மையானவை. ஆனால் வைரஸ் இல்லை! விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றும் ஒரு நாள்குறிப்பு எழுதுகிறது. ஏதாவது ஒரு புரோகிராம் தாமதமாகத் திறந்தாலும் "பிழை" என்று குறித்துவைக்கும். நல்ல கம்ப்யூட்டரிலும் இப்படிப் பல நூறு குறிகள் கிடக்கும். இதை எழுதுவதற்கு முன் என் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். அதிலும் வரிசையாகச் சிவப்புதான்!

அந்த நீண்ட எண்ணின் கதைதான் பெரிய வேடிக்கை. 888 என்று தொடங்கும் எண் அது. உங்கள் கம்ப்யூட்டரிலும் அதே எண்தான். பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அதே எண்தான். அமெரிக்காவிலும் அதே எண்தான்! விண்டோஸில் ஒரு சிறு வேலைக்காக மைக்ரோசாப்ட் கம்பெனி வைத்த பொதுக் குறியீடு அது. "உங்கள் முகத்தில் மூக்கு இருக்கிறது, எனக்கு எப்படித் தெரிந்தது பார்த்தீர்களா?" என்று கேட்பதுபோலத்தான்.

இன்னொரு வித்தையும் உண்டு. கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டுவான். வரிசையாகச் சில முகவரிகள் வரும். மேலே "வெளி முகவரி" என்று இங்கிலீஷில் இருக்கும். 'பாரின்' என்ற வார்த்தையைக் காட்டி, "பார்த்தீர்களா, வெளிநாட்டுத் திருடர்கள் உங்கள் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறார்கள்" என்பான். உண்மையில் அது, நம் கம்ப்யூட்டர் எந்த எந்த இடத்தோடு தொடர்பு வைத்திருக்கிறது என்ற பட்டியல். நாம் திறந்து வைத்த பத்திரிகைப் பக்கமும் அதில் இருக்கும், பாங்கியும் இருக்கும்.

"திருப்பித் தருகிறேன்" என்பதும் ஒரு வித்தைதான். திரையில் தெரியும் பாங்கிக் கணக்கில் தொகையை மாற்றிக் காட்டுவான். பாங்கியில் பணம் மாறியிருக்காது. திரையில் எழுத்து மட்டும் மாறியிருக்கும். "ஐயோ, 5 ஆயிரத்துக்குப் பதில் 50 ஆயிரம் அனுப்பிவிட்டேன். என் வேலை போய்விடும். மீதியைத் திருப்பிக் கொடுங்கள்" என்று அழுவான். இரக்கப்பட்டுக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர்!

பத்திரிகையையே ஏமாற்றினான்!

இந்தத் தொழில் இன்று நேற்று முளைத்ததில்லை.

உக்ரைன் நாட்டின் தலைநகர் கீவ். அங்கே ஒரு கம்பெனி ஆபீஸ் போட்டு, ஆட்களை வைத்து, பொய் வைரஸ் மருந்து விற்றது. "உங்கள் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது" என்று திரையில் காட்டுவார்கள். மருந்தின் விலை சுமார் 40 டாலர். 10 லட்சம் பேருக்கு மேல் வாங்கினார்கள்! 2008 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக கமிஷன் வழக்குப் போட்டது. 2012-ல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 16 கோடியே 30 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று உத்தரவு.

பத்திரிகைக்காரனாகிய எனக்கு அதிகம் உறுத்துவது இன்னொரு சம்பவம்.

2010 பிப்ரவரி. அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரம். அங்கே 'ஸ்டார் டிரிப்யூன்' என்று பெரிய பத்திரிகை. அதன் வெப்சைட்டில் விளம்பரம் போட வேண்டும் என்று ஒரு கம்பெனி கேட்டது. ஓட்டல் விளம்பரம். பத்திரிகை ஆபீசில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒழுங்காக இருந்தது. போட்டார்கள்.

விளம்பரம் ஓட ஆரம்பித்த பிறகு, அதைக் கொடுத்தவர்கள் உள்ளே இருந்த சரக்கை மட்டும் மாற்றிவிட்டார்கள்! செய்தி படிக்க வந்தவர்களின் கம்ப்யூட்டரில் பொய் எச்சரிக்கை பாய்ந்தது. 49 டாலர் 95 சென்ட் கட்டினால் விடுதலை. கட்டாதவர்களின் கம்ப்யூட்டரில் ஒரு பைலையும் திறக்க முடியவில்லை.

விளம்பரக் கம்பெனியும் பொய். ஓட்டலுக்கு இதில் சம்பந்தமே இல்லை. செய்தவன் லாத்வியா நாட்டுக்காரன். பிடிபட்டான், தப்பினான், போலந்து நாட்டில் மறுபடி பிடிபட்டான். 2018-ல் அமெரிக்கக் கோர்ட்டு அவனுக்கு 33 மாத ஜெயில் விதித்தது. அந்த மோசடியில் போனது 20 லட்சம் டாலருக்கு மேல்.

அதனால்தான் சொல்கிறேன்: "நல்ல பத்திரிகையின் பக்கம்தானே" என்றும் நம்பிவிடக்கூடாது. அண்ணாச்சி கடைப் பெண் கெட்ட வெப்சைட் எதையும் தேடிப் போகவில்லை. பிரிண்டரைத்தான் தேடினாள்.

பெரிய கடையிலும் பித்தலாட்டம்!

கண்காணாத தேசத்தில் இருப்பவன்தான் ஏமாற்றுவானா? அமெரிக்காவில் 'ஆபீஸ் டிப்போ' என்று ஒரு கம்பெனி. காகிதம், பேனா, கம்ப்யூட்டர் விற்கும் பெரிய கடைகள். அங்கே கம்ப்யூட்டரைக் கொண்டுபோனால், இலவசமாகச் சோதித்துச் சொல்வார்கள்.

சோதனை எப்படி நடந்தது தெரியுமா? முதலில் 4 கேள்வி கேட்பார்கள். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதா? அடிக்கடி நின்றுவிடுகிறதா? வேண்டாத விளம்பரம் வருகிறதா? வைரஸ் என்று யாராவது எச்சரித்தார்களா? இதில் ஒன்றுக்கு "ஆம்" என்று குறி போட்டாலும் போதும். "வைரஸ் அறிகுறி உண்டு" என்று முடிவு தானாக வந்துவிடும். கம்ப்யூட்டருக்குள்ளே என்ன இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி!

பிறகு ரிப்பேர் கூலி. சிலரிடம் 300 டாலர் வரை வாங்கினார்கள்.

2016-ல் டெலிவிஷன் நிருபர்கள் புத்தம்புதுக் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்கும் "வியாதி" என்றார்கள்! குட்டு உடைந்தது. 2019 மார்ச்சில் அந்தக் கம்பெனி 2 கோடியே 50 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. சோதனைப் புரோகிராமைக் கொடுத்த கம்பெனி 1 கோடி டாலர். அந்தப் பணம் பின்னர் ஏமாந்தவர்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.

இந்தக் கதையில் ஒரு விஷயம் முக்கியம். அந்தக் கடைச் சிப்பந்திகளில் சிலர் 2012-லேயே மேலதிகாரிகளிடம் குறை சொன்னார்கள். "இது பொய், வாடிக்கையாளரிடம் சொல்ல மனம் வரவில்லை" என்றார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரிய கம்பெனியோ பெயிண்ட் கடையோ, கீழே இருப்பவர் கண்டுபிடிப்பது மேலே போய்ச் சேராத இடத்தில்தான் நஷ்டம் வளர்கிறது.

நம்மூர் ஆட்களும் உண்டு!

வெட்கமான ஒரு செய்தியையும் சொல்லத்தான் வேண்டும். வெளிநாட்டாரை இப்படி ஏமாற்றும் போன் கூடங்கள் பல நம் நாட்டில்தான் நடந்தன. 2018 நவம்பரில் டில்லிக்குப் பக்கத்தில், குர்கான், நொய்டா ஊர்களில் 16 கால் சென்டர்களில் போலீசார் புகுந்தார்கள். 2023 அக்டோபரில் சி.பி.ஐ. 'சக்ரா-2' என்று பெயர் வைத்து நாடெங்கும் 76 இடங்களில் சோதனை போட்டது. மைக்ரோசாப்ட், அமேசான் கம்பெனிகள் கொடுத்த புகார்களும் அதில் சேர்த்தி.

இவற்றில் வேலை பார்ப்பவர்கள் யார்? இங்கிலீஷ் பேசத் தெரிந்த இளைஞர்கள். கையில் அச்சடித்த வசனம். முதலில் என்ன சொல்ல வேண்டும், அவர் தயங்கினால் என்ன சொல்ல வேண்டும், எல்லாம் எழுதியே இருக்கும். அண்ணாச்சி கடைப் பெண்ணுக்கும் போனில் பேசியவனுக்கும் வயது ஒன்றாகவே இருந்திருக்கலாம். அவள் மாதச் சம்பளத்தை ஒரே போனில் பிடித்துவிட்டான்.

அமெரிக்காவில் மட்டும் 2024-ல் சுமார் 36 ஆயிரம் பேர் இந்தப் 'போன் ரிப்பேர்' மோசடி பற்றி எப்.பி.ஐ.யிடம் புகார் கொடுத்தார்கள். போன பணம் 146 கோடி டாலர்! வெட்கத்தால் வாய் திறக்காதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

சங்கு ஊதினால் என்ன செய்வது?

ஒன்றை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் ஒருநாளும் போன் நம்பர் கொடுக்காது. மைக்ரோசாப்ட் கம்பெனியே இதைச் சொல்லியிருக்கிறது: எங்கள் எச்சரிக்கையில் போன் எண் இருக்காது, நாங்களாகக் கூப்பிட்டு ரிப்பேர் செய்து தருகிறோம் என்று சொல்லவும் மாட்டோம். எச்சரிக்கையோடு போன் எண் வந்தால் அது பொய். மேலே யோசிக்கவே வேண்டாம்.

திரை அடைத்துக்கொண்டால் இடது மூலையில் உள்ள 'எஸ்கேப்' பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலும் திரை சிறுத்துவிடும். உடனே அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். மூட முடியவில்லையா? கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மானேஜரைத் திறந்து பிரௌசரை நிறுத்துங்கள். இதெல்லாம் ஞாபகம் வராதா? பரவாயில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள்! "அணைத்தால் அழிந்துபோகும்" என்பது அவன் கட்டிய கதை. நீங்கள் அணைத்துவிட்டால் அவன் பிழைப்புப் போய்விடும். அதற்குத்தான் அந்தக் கதை. முடிக்காத பில் ஒன்று போகலாம், அவ்வளவுதான்.

மறுபடி போட்டதும், "பழைய பக்கங்களைத் திறக்கட்டுமா?" என்று பிரௌசர் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். சொன்னால்தான் அந்த நீலப்படம் திரும்பி வராது.

சரி, போன் செய்துவிட்டோம், அவனை உள்ளேயும் விட்டுவிட்டோம், என்ன செய்வது? முதலில் இண்டர்நெட் ஒயரைப் பிடுங்குங்கள். ஒயர் இல்லாவிட்டால் வைபை பெட்டியை அணையுங்கள். அந்த நொடியே அவன் கை விட்டுப்போகும். அடுத்து பாங்கிக்குப் போன். அதற்கு அடுத்து 1930. இது சைபர் மோசடிப் புகாருக்கு மத்திய அரசு வைத்த எண். நாடு முழுவதற்கும் ஒன்றே. திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அது தாவி முடிப்பதற்குள் சொன்னால், ஏதாவது ஒரு பாங்கியில் மடக்கிவிடலாம். அரை மணி நேரமும் பெரிய காலம்.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. வாடிக்கையாளர் தாமே ரகசிய எண்ணைச் சொல்லி ஏமாந்தால், பாங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் அவர் தலையில். தெரிவித்த பிறகு போகும் பணம் பாங்கியின் தலையில் என்று அதில் கண்டிருந்தது. அண்ணாச்சியின் பெண் வாய் மூடியிருந்த இரண்டு இரவின் விலை என்ன என்று இதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். ஆனால் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றாதீர்கள். அவன் ஏற்றிய புரோகிராம் உள்ளே பார்த்துக்கொண்டிருக்கும். வேறு கம்ப்யூட்டரில் மாற்றுங்கள். திரையில் வந்த எண், பணம் போன குறிப்பு, போன் வந்த நேரம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவையுங்கள். புகார் கொடுத்த பிறகு, தெரிந்த ரிப்பேர்காரரைக் கூப்பிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றச் சொல்லுங்கள்.

அண்ணாச்சி செய்த ஏற்பாடு

இப்போது அண்ணாச்சி கடையில் சில மாறுதல்கள். நான் நேரில் பார்த்தேன்.

பாங்கி வேலைக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தனியாக வைத்துவிட்டார். அதில் வேறு எதையும் திறக்கக்கூடாது. பில் போடும் கம்ப்யூட்டரில் பாங்கிப் பக்கம் கிடையாது. பணம் அனுப்ப வேண்டுமானால் பெண் எழுதிவைப்பாள். அண்ணாச்சி தம் போனில் பார்த்துச் சம்மதம் கொடுத்தால்தான் பணம் நகரும். பாங்கியில் கேட்டால் இந்த இரட்டைப் பூட்டைப் போட்டுக் கொடுப்பார்கள். ஓ.டி.பி. வரும் போன் கல்லாவை விட்டு அவர் சட்டைப் பைக்குப் போய்விட்டது.

கணக்கை வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு சிறு டிரைவில் நகல் எடுக்கிறார்கள். எடுத்ததும் கழற்றி இரும்புப் பெட்டிக்குள் பூட்டுகிறார்கள். செருகியபடி விட்டுவைத்தால், கம்ப்யூட்டருக்கு வரும் கேடு அதற்கும் வரும். "கணக்குப் பத்திரமா இருக்குன்னு தெரிஞ்சா அவ அன்னிக்குப் பயந்திருக்கவே மாட்டா" என்றார் அண்ணாச்சி. எனக்கு இது சரியென்றே படுகிறது. நகல் இருக்கும் கடையில் சங்குச் சத்தம் பாதிதான் கேட்கும்.

புதுப் புரோகிராம் ஏற்றும் பாஸ்வேர்டு கடையில் யாருக்கும் தெரியாது. ரிப்பேர்காரரை வைத்து இப்படிச் செய்தார். ஆனால் இதை மட்டும் நம்பி உட்காரக்கூடாது. ஏற்றாமலே ஓடும் புரோகிராம்களும் உண்டு.

கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. பிரிண்டர், கணக்குப் புரோகிராம், பாங்கி மூன்றுக்கும் போன் எண்கள். இண்டர்நெட்டில் தேடி எடுத்தவை இல்லை. பிரிண்டர் எண் அதன் பெட்டியிலிருந்து; பாங்கி எண் பாஸ்புக்கிலிருந்து. அதற்குக் கீழே ரிப்பேர்காரர் எண், 1930. இண்டர்நெட்டில் தேடினால் மேலே வருவது காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாகவும் இருக்கலாம். காசு கம்பெனிக்காரனும் கொடுப்பான், திருடனும் கொடுப்பான்.

காகிதத்தின் அடியில் அண்ணாச்சி தம் கையால் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: "தப்பு நடந்தால் உடனே சொல்லவும். வைய மாட்டேன்."

"வையாமல் இருக்க முடிகிறதா?" என்று கேட்டேன்.

"கஷ்டமாத்தான் இருக்கு" என்றார்.

அந்தப் பெண் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். போன பணத்தை அவள் சம்பளத்தில் பிடிக்கவில்லை. பிடிக்கச் சொல்லித் தம்பி சொன்னாராம், அண்ணாச்சி கேட்கவில்லை.

ஐப்பசி மாதம், தீபாவளிக்கு வெள்ளையடிக்கும் சமயம். கடையில் நிற்க இடமில்லை. ஏதோ ஒரு பெயிண்டின் விலையைப் பார்க்கப் பெண் இண்டர்நெட்டைத் திறந்தாள். திரை நீலமாயிற்று. சங்கு ஊதிற்று. அதே குரல், அதே பேச்சு.

பெண் குனிந்து சுவிட்சை அணைத்தாள்.

"அண்ணாச்சி, அவன் மறுபடி வந்திருக்கான்" என்றாள்.

அண்ணாச்சி தராசில் சுண்ணாம்புப் பவுடர் நிறுத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"கம்ப்யூட்டர் கொஞ்சம் கிடக்கட்டும். நீ கையால பில் எழுதும்மா. இவுகளுக்கு 20 கிலோ" என்றார்.